பெயர் எழுதாத அறிக்கை

மழை பெய்த நாள், மின்சாரம் நின்ற நேரம், ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் வந்து இறங்கிய மணி என்று எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைப்பது என் பழக்கம். பல ஆண்டுக் குறிப்பேடுகள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆனால் இந்தச் சம்பவத்தைத் தேதி இல்லாமல்தான் எழுதுகிறேன். எந்தச் சுகாதார நிலையம் என்றும் சொல்லப் போவதில்லை. கீழே வரும் மணிக்கணக்குகளையும் மாற்றியிருக்கிறேன். நாளும் நேரமும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தச் சம்பவம்தான்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஓர் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பு மருத்துவர். திருச்சுழி, நரிக்குடி, எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துச் சுகாதார நிலையங்களில் எடுக்கிற இரத்தத்தில் ஒரு பகுதி சோதனைக்கு எங்களிடம் வரும். ஆய்வக மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிற டாக்டர்கள் மூன்று மாதம் கல்லூரியை விட்டு வெளியே வேலை பார்க்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, எங்களிடமும் அவ்வப்போது ஒருவர் இருவர் வந்தார்கள். அவர்களுக்கு ஆய்வக நிர்வாகம் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அதை விரும்பியே ஏற்றுக்கொண்டேன். எங்கள் படிப்பில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. நொதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு, முறைவைத்து விடுப்புக் கொடுக்கத் தெரியாது. ரசாயனம் தீர்ந்த பிறகுதான் கேட்டுக் கடிதம் எழுதுவார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு டெக்னீஷியன்களை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டிய நாளில் திகைத்து நிற்பார். இவற்றைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். தவறு நடந்தால் ஆளைத் தேடாதே, வழியைத் தேடு என்பதுதான் நான் படித்தவற்றின் சாரம். அதை நம்பினேன். இப்போதும் நம்பாமல் இல்லை.

அந்த முறை வந்தவர் ஒரு பெண் டாக்டர். மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு. முதல் நாள் என் பாடத் திட்டத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, "சார், இதுல பரீட்சைக்குக் கேள்வி வருமா?" என்று கேட்டார்.

"வராது."

"அப்ப இது ஆபீஸ் கிளார்க் வேலை மாதிரி இல்லையா சார்?"

ரத்தக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் ஆய்வக உதவியாளர் திரும்பாமலே சொன்னார்: "கிளார்க்குனா அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் மேடம். இது அதுவும் இல்ல."

டாக்டர் சிரித்துவிட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு வேலையை அவரிடம் முழுதாகக் கொடுத்தேன். சுகாதார நிலையங்களில் எடுக்கிற இரத்தம் எங்கள் மேசைக்கு வந்து சேர்கிற வழி. யார் எடுக்கிறார்கள், எதில் வைக்கிறார்கள், எந்தப் பஸ்ஸில் வருகிறது, இங்கே யார் வாங்குகிறார்கள். அதற்கு நீங்கள்தான் முதலாளி என்றேன்.

அந்தச் சுகாதார நிலையங்களில் ஒன்றில் ஒரே ஒரு டெக்னீஷியன். நாற்பதை நெருங்கிய பெண். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கணவருக்கு மழையை நம்பிய நிலம். கம்மாய் பெருகுகிற வருடம் நெல், இல்லாத வருடம் சோளம், அதுவும் இல்லாத வருடம் ஆடு. அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. காலையில் இரத்தம் எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் வைத்து அணுக்களையும் திரவத்தையும் பிரித்து, திரவத்தை மட்டும் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். கண்டக்டர் தன் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்து பஸ் நிலையத்தில் எங்கள் உதவியாளரிடம் கொடுப்பார். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடந்து வந்தது.

கோடையில் ஒரு நாள், அந்தப் பெட்டியில் வந்த ஒருவரின் பொட்டாசியம், ஐந்துக்குள் இருக்க வேண்டியது, கிட்டத்தட்ட ஏழு இருந்தது. இரத்தத்தில் அந்த உப்பு அந்த அளவுக்கு ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். நான்தான் எண்ணைப் பார்த்தேன். அணுக்கள் உடைந்து திரவத்தின் நிறம் சிவக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, நிலையத்து டாக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் காத்திருக்கவில்லை. பருத்திக் காட்டில் நின்ற மனிதரை ஆள் விட்டுக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிட்டார். ஆம்புலன்ஸ் காரியாபட்டியைத் தாண்டிய நேரத்தில் நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மதுரையில் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் சரியாக இருந்தது.

மறுநாள் அந்த மனிதரின் மனைவி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரவுக நல்லாத்தேன் இருந்தாக. நீங்கதேன் நெஞ்சு நிக்கப் போகுதுன்னு போன் போட்டீகளாம். வண்டியில போகும்போதே எம் மகளுக்கு யாரு சொல்லுறதுன்னு அவுக கேட்டுக்கிட்டே வந்தாக. யாரு சொல்லுவா?"

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. என்ன நடந்துச்சுன்னு பாக்குறோம்" என்றேன்.

"பாத்து?"

 அவர் சத்தம் போடவில்லை. திருச்சுழி பஸ் எத்தனை மணிக்கு என்று உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. இப்போது எழுதும்போது அந்த எண்ணம் கூச வைக்கிறது. அப்போது தோன்றியது அதுதான். டாக்டரைக் கூப்பிட்டு, நடந்ததை விசாரித்து அறிக்கை எழுதச் சொன்னேன். யார் பெயரும் வரக்கூடாது. ஆளைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் வரக்கூடாது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எங்கே தடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

முதல் வரைவில் அவர் "காலையில் இரத்தம் எடுக்கப்பட்டது, சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது" என்று எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

"சற்றுன்னா எவ்வளவு?"

"ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும் சார்."

"ரெண்டா, மூணா? நேரம் இல்லாத அறிக்கை வெறும் கதைம்மா. போன் போட்டுக் கேளுங்க."

அவர் என் அறையிலிருந்தே பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். டெக்னீஷியன் முதலில் பிடி கொடுக்கவில்லை.

"எல்லாம் வழக்கம்போலத்தேன் மேடம் அனுப்புனேன்."

"அக்கா, யார் மேலயும் தப்புச் சொல்றதுக்காகக் கேக்கல. அடுத்த தடவை நடக்காம இருக்கத்தான். உங்க பேரு எதுலயும் வராது."

"வராதுல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"வராதுக்கா."

அதற்குப் பிறகு டெக்னீஷியன் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பது நாற்பதுக்கு இரத்தம் எடுத்தார். சுழற்றும் இயந்திரம் பழுதாகிச் சில வாரம் ஆயிற்று. இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் வரவில்லை. பிரிக்காமல் அப்படியே அனுப்பி வந்தார். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பெரிய கெடுதல் இல்லை. அன்று பத்தேகால் பஸ் வரவில்லை. அடுத்தது ஒன்றுக்குத்தான். வெயில் பொசுக்கியது. "தடுப்பூசியைக்கூட ஐசு வச்சுத்தான மேடம் அனுப்புறோம். ரத்தம் கெட்டுப் போயிரக் கூடாதேன்னு, ஜூஸ் கடையில ஐசு வாங்கி, குழாயைச் சுத்தி அடுக்கி வச்சேன். பஸ்ஸு வந்ததும் கரைஞ்சதைக் கொட்டிட்டுப் புது ஐசு போட்டுக் குடுத்தேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பொட்டாசியம் அணுக்களுக்குள்தான் அதிகம் இருக்கும். பிரிக்காத இரத்தத்தை ஐஸில் வைத்தால் அது மெல்ல வெளியே கசியும். நிறம் மாறாது. பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. எண் மட்டும் ஏறும். சூடு கெடுக்கும், குளிர்ச்சி காக்கும் என்பது இந்தச் சீமையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத அறிவு. தடுப்பூசியோடு பழகிய கைகளுக்கு அது இன்னும் உறுதி. அந்தப் பெண் அக்கறையில்லாமல் ஏதும் செய்யவில்லை. அக்கறையால்தான் அந்த மனிதர் ஆம்புலன்ஸில் ஏறினார்.

அறிக்கை நன்றாக வந்தது. ஒன்பது நாற்பது, பத்தேகால், ஒன்று, இரண்டரை என்று நேரங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. பழுதான இயந்திரம், வராத பஸ், ஐஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத எங்கள் குறை எல்லாம் இருந்தன. பெயர் எங்கும் இல்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் எழுதியதில் இதுதான் சிறந்தது என்று அவரிடமே சொன்னேன். முறைப்படி மேலே அனுப்பினோம். இயந்திரத்தைச் சீக்கிரம் சரி செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

பத்து நாள் கழித்து டாக்டரின் தொலைபேசிக்கு அந்த டெக்னீஷியனின் அழைப்பு வந்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார். பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"சார், பேரு வராதுன்னு மேடம் சொன்னாக. எனக்கு மெமோ வந்திருக்கு. ஒம்போது நாப்பதுக்குப் பணியில இருந்தவர் விளக்கம் குடுக்கணும்னு போட்டுருக்கு. அந்த நேரத்துக்கு இங்க என்னைய விட்டா யாரு சார் இருக்கா?"

நான் ஏதோ சொன்னேன்.

"வர்ற மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். விளக்கம் சரியில்லைன்னா புதுப்பிக்க மாட்டாகளாம். நான் பொய் சொல்லியிருந்தா இந்த மெமோ வந்திருக்காதுல்ல சார்?"

அவர் அழவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார். உதவியாளர் மட்டும், யாரைப் பார்த்தும் இல்லாமல், "ஐசு வைக்காட்டி ஏன் வைக்கலம்பாக. வச்சா ஏன் வச்சம்பாக" என்று சொல்லிவிட்டுக் குழாய்களைக் கழுவப் போனார்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அறிக்கை போன அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்கு டீ சொன்னார்.

"இது ஆளைப் பிடிக்கிறதுக்கு எழுதின அறிக்கை இல்லைங்க. வழியைச் சரி பண்றதுக்கு" என்றேன்.

"ரிப்போர்ட் குடுத்தது நீங்கதானே டாக்டர்? நாங்களா போய்த் தேடினோம்?"

"பேரு போடலையே."

"மணி போட்டுருக்கீங்களே. இவ்வளவு கரெக்டா யாருமே எழுதுறதில்ல. ஆம்புலன்ஸ் எடுத்து ஒரு ஆளை மதுரை வரைக்கும் கொண்டு போயிருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா, நடவடிக்கை என்னன்னு நான் காட்டணும். ஒருத்தர்கூடப் பொறுப்பு இல்லைன்னு சொன்னா அது என்ன ரிப்போர்ட்?"

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டேன். அது வேறு பிரிவு என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, இருபுறமும் உழுது போட்ட கரிசலைப் பார்த்துக்கொண்டே, அதிகாரியை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அது எளிதாக இருந்தது. ஆய்வகத்தில் டாக்டர் எனக்காகக் காத்திருந்தார். அறிக்கையின் நகல் அவர் கையில் இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"ரெண்டரைக்குப் பெட்டி வந்து சேர்ந்துச்சுன்னு எழுதியிருக்கோம். அதுக்கப்புறம் நாம என்ன பண்ணினோம்னு ஒரு வரிகூட இல்ல. பிரிக்காத ரத்தம். சுத்தி ஐஸ். அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு. இங்க வாங்கினதும் வேண்டாம்னு திருப்பியிருக்கணும். அதை வாங்கிப் பிரிச்சு, இயந்திரத்துல ஏத்தி, ரிசல்ட்டை வெளியே விட்டது…"

அவர் நிறுத்திக்கொண்டார். முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விட்டது நான்தான்.

அந்த அறிக்கையை நான் நான்கு முறை படித்திருந்தேன். நேரங்களைச் சரிபார்த்திருந்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருந்தேன். இரண்டரையோடு அது நின்றுபோவது கண்ணில் படவில்லை. தெரிந்தே கண்டுகொள்ளாமல் விட்டேனா என்று அன்றைக்கு என்னையே கேட்டுக்கொண்டேன். தெரிந்து விடவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். ஆனால் இன்னொருவரின் ஒன்பது நாற்பது என் கண்ணில் அவ்வளவு துல்லியமாகப் பட்டபோது, முடிவை வெளியே விட்ட என்னுடைய நான்கு மணி படவே இல்லை.

"முன்னமே கவனிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதும்போதே கவனிச்சேன் சார்."

"ஏன் சொல்லல?"

அவர் நகலை மடித்தார். "என்னோட பயிற்சிக்குக் கையெழுத்துப் போடப் போறது நீங்கதானே சார்."

நிர்வாகப் பாடத்தில் இதற்கும் ஓர் அமர்வு வைத்திருந்தேன். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் பயமில்லாமல் தவறைச் சொல்லும்படி இடத்தை வைத்திருப்பது எப்படி என்று. இரண்டாம் வாரமே நடத்தியும் முடித்துவிட்டேன். அவர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே இரண்டாவது கடிதம் எழுதினேன். இதில் பெயர் இருந்தது, என்னுடையது. வந்த இரத்தம் சோதனைக்குத் தகுதியற்றது என்பதை வாங்கும் இடத்தில்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும், அதைக் கவனிக்காமல் முடிவை வெளியிட்டது நான், அனுப்பியவருக்கு எழுத்தில் எந்த அறிவுறுத்தலும் தரப்படவில்லை, ஆகையால் பொறுப்பு ஆய்வகத்துடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அதிகாரிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், கோப்பில் வைத்தார்கள். நிரந்தர வேலையில் இருப்பவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. டெக்னீஷியனின் ஒப்பந்தத்தை உடனே புதுப்பிக்கவில்லை. மூன்று வாரம் அவர் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த நாட்களில் நிலையத்தில் இரத்தம் எடுக்க ஆள் இல்லாததால், நோயாளிகள் பஸ் ஏறி எங்களிடம் நேரே வந்தார்கள். பிறகு புதுப்பித்தார்கள். அவருக்குப் போன் போட்டு, சந்தோஷம் என்றேன்.

"சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

டாக்டரின் மூன்று மாதம் முடிந்தது. கிளம்புகிற நாளில், இங்கே கற்றுக்கொண்டது என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எல்லோரும் வழக்கமாக எழுதுகிறதைத்தான் அவரும் எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "வேறென்ன?" என்று கேட்டேன்.

"இனிமே யாருக்கும் வாக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி யோசிப்பேன் சார். பேரு வராதுன்னு சொன்னது என் வாய்தானே."

"சொல்லச் சொன்னது நான்."

"ஆமா சார். ஆனா அந்தக்கா என்னைத்தான் நம்பினாங்க."

மதுரை பஸ்ஸுக்கு உதவியாளர் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் கற்றது நல்ல பாடமா, எழுதாமல் இருப்பதே பத்திரம் என்ற பாடமா என்று எனக்குத் தெரியவில்லை.

தவறு நடந்தால் நிலையங்கள் எழுதி அனுப்ப வேண்டிய மாத அறிக்கைப் படிவத்தை நாங்கள் நிறுத்தவில்லை. எல்லா நிலையங்களிலிருந்தும் மாதம் தவறாமல் வருகிறது. எல்லாவற்றிலும் "குறை ஏதுமில்லை" என்று எழுதியிருக்கிறது. விஷயம் எப்படியோ பரவிவிட்டது. நரிக்குடியிலிருந்து வருவதிலும் அதே இரண்டு சொற்கள், திருச்சுழியிலிருந்து வருவதிலும் அதே. ஐஸ் வைக்கக் கூடாது என்று தமிழில் அச்சடித்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பினேன். சுழற்றும் இயந்திரம் சரியாகிவிட்டதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், அந்த நிலையத்துப் பெட்டியிலிருந்து வந்த ஒரு பொட்டாசியம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அபாயம் என்று சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பெட்டியோடு வரத் தொடங்கிய சீட்டில் இரத்தம் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். ஒன்பதரை. பிரித்த நேரம், பத்து. பழைய சீட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அந்த டெக்னீஷியன் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு குழாய்க்கும், ஒன்பதரை, பத்து. பஸ் வராத நாளிலும் அதுதான். வரிசையில் நாற்பது பேர் நின்றிருக்கக்கூடிய திங்கட்கிழமையிலும் அதுதான்.

போன் போட்டேன்.

"இன்னைக்கு வந்த குழாய் ஒண்ணு. எத்தனை மணிக்கு எடுத்ததும்மா?"

"சீட்டுல போட்டுருக்கே சார். ஒம்போதரை."

"இல்ல, நிஜமா எத்தனை மணின்னு தெரிஞ்சா, இவரைத் திரும்பக் கூப்பிடணுமா வேண்டாமான்னு சொல்லிருவேன். நான் எங்கேயும் எழுத மாட்டேன்."

 பின்னால் யாரோ டோக்கன் எண் கேட்பது காதில் விழுந்தது.

"ஒம்போதரைதேன் சார்" என்றார் மரியாதையாக. "எல்லாம் சரியாத்தேன் இருக்கு. குறை ஒண்ணும் இல்ல."

முடிவை நிறுத்தி வைத்தேன். அந்த நோயாளியை மறுநாள் காலையில் நேரே எங்களிடம் வரச் சொல்லும்படி நிலையத்து டாக்டரிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டிய அம்மா, இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்றார் அவர். தெரியும், வரட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சீட்டைப் பற்றிச் சொல்லாமல், குழாயில் சந்தேகம் என்று மட்டும் சொன்னேன்.